முதலில் வந்த கால்

போன வாரம் நம் கோ-கோ குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ அந்தப் பழைய புகைப்படத்தைப் போட்டீர்கள். கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்பது பேர் குத்தவைத்திருக்கிறீர்கள். பின்னால் மூன்று பேர் நிற்கிறோம். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவள் நான். என் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் வலது காலில் இருக்கும் அந்தப் பெரிய கறுப்பு ஷூ பளிச்சென்று தெரிகிறது. "அது யாருடி, ஒத்தக் கால்ல போலீஸ் பூட்ஸ்?" என்று ஒருத்தி கேட்க, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் தேதி கேட்பவள், தப்பான தேதியைத் திருத்துபவள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். இந்த முறை என்னாலேயே தேதி சொல்ல முடியாது. எழுதி வைத்த தாள்கள் போய்விட்டன. கிழமைகளும் நாள் கணக்கும் மட்டும் தலைக்குள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

அறுபதைத் தாண்டிய பிறகு நாம் ஆளுக்கொரு மூட்டு வலியைப் பற்றிப் பேசுகிறோம். ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்கு இடுப்பு. என்னுடையது வலது கால் பெருவிரலின் அடியில் இருக்கிறது. இரண்டு மாதமாக நடக்கும்போதெல்லாம் அங்கே ஒரு கல் மாட்டிக்கொண்டது போல இருந்தது. செம்பூரில் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். சீத்தா கேம்ப்பின் தமிழ்க் குடிசைகளில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. என் விரலைப் பிடித்து மேலே மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"ஆன்ட்டி, இது பூரா ஜாம் ஆயிருச்சு. ஃபர்ஸ்ட் டைம் எப்ப அடிபட்டுச்சு? யாத் இருக்கா?"

"தீபாவளி லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த ரெண்டாவது வியாழக்கிழமை. கடைசி பீரியடு."

"ஓ, இப்பத்தானா?"

"நான் ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மீண்டும் எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கால் வரைந்தாள். பெருவிரலின் அடி மூட்டுக்குக் கீழே, தரைப் பக்கமாக, ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. விரல் தரையில் ஊன்றி நிற்க, குதிகால் மட்டும் சட்டென்று மேலே போனால், விரல் தன் அளவுக்கு மேல் பின்னால் மடங்கும். அந்தப் பட்டை இழுபடும், அல்லது கொஞ்சம் கிழியும், அல்லது அறுந்தே போகும். லேசாக இழுபட்டதற்குச் சில நாள் ஓய்வு போதும். கிழிந்திருந்தால் சில வாரங்கள் அந்த விரல் பின்னால் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ளாவிட்டால் மூட்டு மெல்ல மெல்ல இறுகும்.

"உங்களுக்கு அப்ப யாருமே ரெஸ்ட் குடுக்கலியா?"

"கொடுத்தாங்க," என்றேன். "சாயங்காலம் மட்டும்."

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. அன்று வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கால் முதலாகப் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் கால் வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவினால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் இறங்கும் என்பது அம்மாவின் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. அம்மா தாராவிக்கு வந்தபோது அதே நம்பிக்கை இங்கே மராத்திக்காரர்களிடமும் இருந்தது. பாயாளு என்பார்கள். இரண்டு மொழிக்காரர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என் வலது கால்தான்.

எங்கள் சாலில், அதாவது ஒண்டுக்குடித்தன வீட்டில், வரிசையாக அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். குழாயின் வரிசையை நடத்தியவர் கடைசி அறையில் இருந்த மாவ்ஷி. மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி முறை. யார் எத்தனையாவது ஆள், யாருக்கு எத்தனை குடம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். நாங்கள் அந்தச் சாலுக்குப் புதிதாக வந்தவர்கள், ஆகவே கடைசி நம்பர். எங்கள் முறை வருவதற்குள் குழாய் காற்றை ஊதும். அம்மா இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். ஒரு நாள் தண்டவாளத்தில் இடறி, குடம் நசுங்கி, முழங்கையில் ரத்தத்தோடு வந்தாள். நசுங்கிய இடத்தை உள்ளே கைவிட்டுத் தட்டிச் சரிசெய்துகொண்டே அழுதாள்.

அந்த மழைக்காலத்தில் மாவ்ஷிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. அம்மா என்னை அழைத்துப்போய், "எம்பிள்ள கால் பிறப்பு," என்றாள். "எந்தக் கால்?" என்று மாவ்ஷி கேட்டார். "வலது," என்றாள் அம்மா. நான் வலது காலால் மூன்று முறை இடுப்பிலிருந்து மேலே தடவினேன். மூன்றாம் நாள் மாவ்ஷி எழுந்து உட்கார்ந்தார். அந்த வாரமே எங்களுக்குத் தண்ணீர் வரிசையில் இரண்டாவது நம்பர் கிடைத்தது. அதன்பின் ஞாயிறும் செவ்வாயும் காலையில், வெறும் வயிற்றில், நான் மாவ்ஷியின் அறைக்குப் போய்த் தடவிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. நடுநடுவே வேறு முதுகுகளும் வரும். காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, அவ்வளவுதான்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கோ-கோவில் எனக்கு நான்காம் கட்டம். ஒரு காலை முன்னே வைத்து, பின்காலின் விரல்கள் மண்ணில் மடிய, குதிகாலைத் தூக்கிக் குந்தியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முதுகில் கை பட்டு "கோ" என்ற சத்தம் கேட்டதும் பாய வேண்டும். அன்று என் முதுகில் பட்டது கை மாதிரி இல்லை, மூட்டை மாதிரி இருந்தது. தள்ளியவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். நானாக விழுந்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள். விழுந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் வலது பெருவிரல் ஒரு குழியில் சிக்கி நின்றது, மற்ற உடம்பு முழுவதும் அதற்கு மேலே போய்விட்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. முதலில் விரல் சூடாயிற்று. பாதத்தை உள்ளிருந்து யாரோ ஊதுவது போல இருந்தது.

பி.டி. பாயி ஓடிவந்து என் காலைத் தன் முட்டிமேல் வைத்துப் பார்த்தார். நமக்கெல்லாம் அந்த மராத்தி டீச்சரம்மாவைக் கண்டால் பயம். விசில் கயிற்றாலேயே அடிப்பார். அன்று அடிக்கவில்லை. விரலின் அடியை அமுக்கினார், நான் கத்தினேன். மேலே மடக்கினார், அதைவிட அதிகமாகக் கத்தினேன். பெருவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"மூணு வாரம் ஓட்டம் பந்த். வெறும் கால்ல நடக்காதே. கடக் ஷூ போடு, அடி வளையக் கூடாது. சமஜ்லி?"

"ஃபைனல் இருக்கு பாயி."

"ஃபைனலுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கு. ஒழுங்கா இருந்தா பாக்கலாம்."

முப்பது நாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை. நம் பள்ளி அதற்குமுன் எதிலும் இறுதிவரை போனதில்லை. நான் அதுவரை எதிலும் இருந்ததே இல்லை. நான்காம் கட்டம்தான் என் முதல் இடம். அன்று இரவு தினசரிக் காலண்டரில் கிழிக்காத தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி முப்பதாவதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அம்மா வீங்கிய விரலைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது: "ஏட்டி, வெளிய யார்கிட்டயும் சொல்லிராத." சுளுக்கு எடுக்கிற காலுக்கே சுளுக்கு என்றால் சிரிப்பார்கள் என்றாள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, நம்பர் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பத்துப் போட்டாள். விரலைப் பிடித்து இழுத்துச் சொடக்கு எடுத்தாள். அப்போது நான் கடித்த கடியில் பாய் கோரை வாயோடு வந்துவிட்டது. கேட்டவர்களிடம் "முள்ளு குத்திருச்சு," என்றாள். தாராவியின் சிமெண்ட் சந்தில் முள்ளுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா செம்பூர்ப் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். கடினமான ஷூ வேண்டும் என்று நான் சொன்னதும், பரணிலிருந்து தன் பழைய கம்பெனி ஷூவை எடுத்தார். முனையில் இரும்புக் கவசம் வைத்தது. அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார்த்தார், அது வளையவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, உள்ளே செய்தித்தாள் திணித்து என் காலில் மாட்டினார். இடது காலுக்கு ரப்பர் செருப்பு. சந்தில் நான் வருவது வீட்டுக்கு வீடு கேட்கும். "கம்பெனி சங்கு ஊதியாச்சு," என்பார்கள். சாயங்காலம் அப்பா தரும் காசில், சர்பத் ஊற்றி ஐஸ் விற்கும் கோலா வண்டிக்காரனிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி வைத்துக்கொள்வேன். அதில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சாயத்தால் என் விரல் எப்போதும் ரத்தம் கட்டின மாதிரியே இருக்கும்.

நீங்கள் மைதானத்தில் ஓடுவீர்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருப்பேன் என்று எழுதுகிறேனே தவிர, உட்காரவில்லை. மரத்தைச் சுற்றினேன். மண்ணைக் குத்தினேன். ஒவ்வொரு "கோ"வுக்கும் உடம்பு தானாக எழுந்தது. அந்த முப்பது நாளில் எனக்குள் ஏறிய பரபரப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டேன்.

சும்மா இருக்க முடியாததால்தான் அந்த நூல் வேலையை ஆரம்பித்தேன். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், பெருவிரலின் அடியைச் சுற்றி வெள்ளைத் தையல் நூலை வைத்து, சுற்றளவுக்குச் சரியாக வெட்டுவேன். காலண்டரில் முந்தின நாள் கிழித்த தாளின் பின்பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் அதை ஒட்டுவேன். பக்கத்தில் கிழமை எழுதுவேன். பின்னாளில் எத்தனையோ நோட்டுகளில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், மாட்டுங்கா நூலகத்தில் உடற்கூறுப் புத்தகம்கூட எடுத்துப் படித்திருக்கிறேன். ஆனால் என்னுடைய முதல் வரலாறு அந்த நூல் துண்டுகள்தான். பிறகு வீடு மாறியபோது ஒரு தகரப் பெட்டியோடு அவை காணாமல் போயின. பெட்டியைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை காலை, எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். நூல் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வரவேண்டும். வியாழன், வெள்ளி, சனி குட்டையாயின. ஞாயிறு நீண்டது. திங்கள் கொஞ்சம் குறைந்தது. செவ்வாய் மறுபடி நீண்டது. மூன்று வாரமும் அப்படியே. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி ஏறி.

அப்பா தன் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு நூலைக் கையில் எடுத்து அடுத்ததன் மேல் வைத்துப் பார்த்தார்.

"ஏளா," என்றார் அம்மாவிடம். "இங்க வந்து பாரு. நீ செவ்வாக்கிழமை கெடுக்கிறத நான் சனிக்கிழமை வரைக்கும் ஐஸ் வாங்கித் தேத்திக்கிட்டு இருக்கேன்."

"பிள்ள கால்ல சக்தி இருக்கு. அதுவா ஆறிரும்."

"ஊருக்கெல்லாம் ஆத்துது. அது காலை எது ஆத்தும்?"

"அப்ப நாளையிலேருந்து தண்ணிக்கு நீங்க போங்க," என்றாள் அம்மா. "ரெண்டு குடம். தண்டவாளத்தைத் தாண்டி."

அப்பா ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று அவர்மேல்தான் கோபம் வந்தது. சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்த வயதைத் தாண்டி யோசிக்கும்போது, காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற ஆளால் தண்ணீருக்கும் போயிருக்க முடியாது என்று தோன்றுகிறது. அடுத்த ஞாயிறும் நான் மாவ்ஷியின் அறைக்குப் போனேன். நூல் நீண்டது.

இருபத்தாறாம் நாள், செவ்வாய். ஃபைனலுக்கு நான்கு நாள்.

மாவ்ஷி பாயில் கவிழ்ந்து படுத்திருந்தார். நான் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா குடத்தோடு கதவருகே நின்றாள். இங்கே முடிந்ததும் நேராக வரிசைக்குப் போவது அவள் வழக்கம். முதல் தடவை இடுப்பிலிருந்து மேலே கொண்டுபோனேன். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை பெருவிரல் அவர் முதுகெலும்பில் இடறிப் பின்னால் மடங்கியது. சத்தம் வராமல்தான் அழுதேன். கண்ணீர் அவர் முதுகில் விழுந்துவிட்டது.

"பஸ், பஸ், போதும்," என்று மாவ்ஷி எழுந்து உட்கார்ந்தார். என் பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிளாஸ்திரியை உரித்தார். உள்ளே விரலின் அடி மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது. "எத்தினி நாளா?"

"இருபத்தாறு நாள்," என்றேன். எனக்குக் கணக்குத் தவறாது.

மாவ்ஷி தன் நெற்றியில் அறைந்துகொண்டார். தாராவியில் கற்றுக்கொண்ட தமிழில் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"பைத்தியமா நீ? இந்தக் காலை வெச்சுக்கிட்டா அனுப்பறே?"

"நீங்க கோவிச்சுக்கிடுவீங்கன்னு…"

"என்னாத்துக்குக் கோவம்? என் முதுகு மழைக்காலத்துலயே நல்லாயிடுச்சே!"

அம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். "அப்ப எதுக்கு வாரம் ரெண்டு நாளு படுக்கீங்க?"

"நான் படுக்கலேன்னா உனக்கு ரெண்டாம் நம்பர் எப்பிடிக் குடுக்கறது? பின்னாடி நிக்கற பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? அந்த மதராஸிக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்னு தெனம் கேக்கறாங்க. எனக்கு முதுகு வலி, அவ பொண்ணு பாக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? வலிக்குதுன்னு நெனச்சுல்லா அனுப்புனேன்."

"நீ அனுப்பறேன்னு நான் படுக்கறேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. என்னை இருவருமே பார்க்கவில்லை. வெளியே குழாயில் தண்ணீர் வந்து, வரிசையில் கூச்சல் எழுந்து, மாவ்ஷி, மாவ்ஷி என்று யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் எழவில்லை. அம்மா குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் நம்பரான மாவ்ஷிக்கும் இரண்டாம் நம்பரான எங்களுக்கும் தண்ணீர் இல்லை.

மறுநாள் மாவ்ஷி குழாயடியில் ஒரு அறிவிப்புச் செய்தார். பாயாளு பெண்ணின் காலுக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் சக்தி இறங்கிவிடும், ஒரு வருஷம் சும்மா வைக்க வேண்டும், அதுவரை நம்பர் எதுவும் மாறாது. எங்கே கேட்டீர்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்," என்றார். விஷயம் முடிந்துவிட்டது. முதல் நாளே இப்படி முடிந்திருக்கும். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த யாராவது ஒருவர் நானாகவும் இருந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை பாயி என்னை மைதானத்தின் நடுவே நிறுத்தினார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

"வலது கால்ல மட்டும் நில்லு. குதிகால் மேலே. பத்து தடவை."

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் பாரத்தைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து ஏமாற்றினேன். ஐந்து, ஆறு என்று நானே சத்தமாக எண்ணினேன். பாயி என் முகத்தைப் பார்க்கவில்லை, பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது தரையைத் தொடவே இல்லை.

"பாஹேர் பஸ்," என்றார். வெளியே உட்கார்.

மறுநாள் என் கட்டத்தில் வேறொருத்தி குந்தினாள். நீங்கள் ஜெயித்தீர்கள். தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். இதை ஐம்பது வருஷம் கழித்துச் சொல்வதில் தப்பில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று ஷூவோடு நடக்க ஆரம்பித்தேன். பாயிதான் பின்கழுத்தைப் பிடித்து ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் கை புகைப்படத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், என் தோளில் நான்கு விரல்கள் தெரியும்.

விடுமுறை முடிந்து வந்ததும் அவர் எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார். தண்டனை என்றுதான் நானும் நீங்களும் நினைத்தோம். டிரில் பீரியட் முழுக்க, ஷூவைக் கழற்றிவிட்டு, மணல் குழியில் இருக்கும் கூழாங்கற்களைக் கால் விரல்களால் பொறுக்கி ஒரு டப்பாவில் போட வேண்டும். "கோழி, கோழி," என்று கத்தினீர்கள். முதல் வாரம் மூன்று கல். ஹோலிக்கு முன்னால் டப்பா நிறைந்தது. அதன்பின் ஒரு நாள் என்னிடம் எதுவும் கேட்காமல், "ஓடு," என்றார். ஓடினேன். அடுத்த வருஷம் கட்டத்திலும் உட்கார்ந்தேன், ஆனால் இடது காலைப் பின்னே வைத்து. அந்தப் பெண்மணியை நான் பல வருஷம் வெறுத்தேன். போன மாதம் பிசியோதெரபிப் பெண் ஒரு துண்டைத் தரையில் விரித்து, "ஆன்ட்டி, கால் விரலால இதைச் சுருட்டி இழுங்க, அப்புறம் கோலி பொறுக்கலாம்," என்றபோது, போடுவதற்கு ஒரு டப்பா கேட்டேன்.

அடி வளையாத ஷூ ஒன்றும் வாங்கச் சொன்னாள். வாங்கிவிட்டேன். கறுப்புதான், வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடக்கிறேன்.

இத்தோடு முடித்து அனுப்பியிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை இன்னொன்று நடந்தது.

அம்மா இப்போது செம்பூரில் என்னோடு இருக்கிறாள். எண்பத்தேழு வயது. காலையில் எழுப்பப் போனேன். திரும்ப முடியாமல் கவிழ்ந்து கிடந்தாள்.

"ஏட்டி, முதுகு பிடிச்சுக்கிச்சு."

பிசியோவைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு தலையணைக்குள் வாயை வைத்துக்கொண்டு, "காலால ஒரு தடவை தடவி விடுதியா?" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அம்மா இதை என்னிடம் கேட்டதே இல்லை. எத்தனையோ தடவை அவளுக்கு முதுகு பிடித்திருக்கிறது. தைலம் தேய்த்துக்கொள்வாள், சுவரில் சாய்த்துக்கொள்வாள், என்னைக் கூப்பிடமாட்டாள். நான் குனிந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன்.

"அந்தக் கால் வேண்டாம்."

"ஏன்மா?"

"வேண்டாம்னா வேண்டாம். இடது காலால தடவு."

"இடது கால்ல ஒண்ணும் கிடையாதே. வலது கால்தான முதல்ல வந்துச்சு?"

கீழே ரோட்டில் அணுசக்தி நகர் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"யாரு கண்டா?" என்றாள் அம்மா.

"நீதானம்மா சொன்ன?"

"நான் எங்கட்டி பாத்தேன்? எனக்கு நெனவே இல்ல. மருத்துவச்சி கால் வருதுன்னா, அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு. எந்தக் கால்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. இந்த மாவ்ஷிதான் எந்தக் கால், எந்தக் கால்னு கேட்டா. வலதுன்னுட்டேன். வலதுன்னா நல்லதுல்லா."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்க யார் எதைச் சொன்னாலும் எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று கேட்டவள் நான். இதை மட்டும் கேட்கவே இல்லை.

"அப்ப அந்த இருபத்தாறு நாளும் இடது காலால தடவியிருக்கலாமே?"

"தடவியிருக்கலாம்." அவள் குரல் தலையணைக்குள் அமுங்கியது. "அன்னைக்கு மாவ்ஷி வீட்ல குடத்து மேல உக்காந்திருக்கும்போதுதான் எனக்கே உறைச்சுது. அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படி முதுகைக் காட்டுவேன்?"

அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் வலது காலில் வைத்து, இடது காலைத் தூக்கினேன். ஷூவுக்குள் பெருவிரல் மடங்காமல் நின்றது. அம்மாவின் முதுகு, மாவ்ஷியின் முதுகில் பாதிகூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள்.

இடுப்பிலிருந்து மேலே மூன்று முறை தடவினேன். மூன்றோடு நிறுத்துவதுதான் வழக்கம். அம்மா நான்காவது முறையும் கேட்டாள்.